பின் கண்ணாடியில் நீர்நாய்

அக்டோபர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், மதியச் சாப்பாட்டு வேளையில், வெர்ன் கோர்பி தன் பிக்கப் வண்டியின் பின் கண்ணாடியை வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். அவன் அந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து நான் பார்த்து வருகிறேன். மழையில் நனைவதைத் தவிர அதற்கு வேறு குளியல் கிடையாது. சாலைத்துறைக் கொட்டகை வாசலில் நாங்கள் ஐந்தாறு பேர் ரொட்டியைக் கடித்தபடி வேடிக்கை பார்த்தோம். துடைத்தான், தள்ளி நின்று பார்த்தான், மறுபடியும் வந்து வாயால் ஊதிச் சட்டைக் கையால் தேய்த்தான். பிறகு முன் இருக்கையில் பத்திரமாக வைத்திருந்த மஞ்சள் ஸ்டிக்கரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். நார்த் ஷோர் பல்கலைக்கழகம் என்று வளைவாக எழுதி, அதற்குக் கீழே மல்லாந்து படுத்துச் சிரிக்கும் நீர்நாய் ஒன்று. அதுதான் அந்தப் பல்கலைக்கழகத்தின் சின்னம். முந்தின நாள் மாலை, வேலை முடிந்த கையோடு நாற்பது மைல் ஓட்டிப்போய் அங்கிருக்கும் கடையிலேயே வாங்கி வந்திருக்கிறான்.

"கோணலா இருக்காடா ரெய்னோ?"

"நீர்நாய் நேராத்தான் இருக்கு. ஒட்டறவன்தான் கோணல்" என்றேன்.

"ஒட்டறது மே மாசம்டா, வெர்ன்" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள்.

"பிள்ளைக்கு இடம் கெடச்சாச்சு. அப்புறம் என்னடா மே, ஜூன்?"

எங்கள் பக்கத்தில் பின் கண்ணாடிதான் ஒரு வீட்டின் செய்தித்தாள். பையனின் ஹாக்கி எண், செத்துப்போன அப்பாவின் பெயர், ராணுவத்துக்குப் போன மகள், எல்லாம் அங்கேதான் இருக்கும். வண்டிக்குப் பின்னால் போகிறவன் ஒன்றும் விசாரிக்க வேண்டியதில்லை, படித்துக்கொண்டே போகலாம். கல்லூரி ஸ்டிக்கருக்கு மட்டும் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எந்தக் கல்லூரி என்று பிள்ளை கடைசியாகச் சொல்லிப் பணம் கட்டுவது மே முதல் தேதி. அதற்கு முன்னால் ஒட்டினால் ராசி இல்லை என்பார்கள். ராசியெல்லாம் சும்மா. ஒட்டிவிட்டுப் பிறகு சுரண்டுகிறவனைப் பார்த்து ஊர் சிரிக்கும், அதுதான் விஷயம். இந்தச் சட்டத்தை வைத்து எத்தனையோ பேரைக் கிண்டல் செய்தவன் வெர்ன். இப்போது இலைகள் முழுக்கப் பழுக்கும் முன்பே அவனே ஒட்டிக்கொண்டு நின்றான். அவனுக்குத் தலைகால் புரியவில்லை என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் யாரும் ரொம்பக் கிண்டல் செய்யவில்லை.

வெர்ன் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவன். நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து வலப்பக்கத்து இரும்புப் பலகையை ஏற்றி இறக்குகிறவன். மிச்சிகனின் இந்த வடகோடியில் குளிர்காலம் என்பது வருஷத்தில் பாதி. ஆக, வருஷத்தில் பாதி அவன் பேச்சைக் கேட்பதுதான் என் பிழைப்பு. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வியாழக்கிழமை ராத்திரிச் சாப்பாடு எனக்கு அவன் வீட்டில்தான். அவன் மனைவி டோரீன் பல் டாக்டரிடம் வரவேற்பில் இருக்கிறாள். அன்றைக்குப் பேஸ்டி செய்திருந்தாள். கறியும் உருளைக்கிழங்கும் உள்ளே வைத்து மடித்துச் சுட்டது. மேஜையில் உட்கார்ந்ததும் வெர்ன் ஸ்டிக்கர் கதையை ஆரம்பித்தான். டோரீன் அதை முந்தின ராத்திரியே இரண்டு முறை கேட்டுவிட்டிருந்தாள்.

அவர்கள் மகள் பிரிட்டா பள்ளியின் கடைசி வருஷத்தில் இருந்தாள். ஒரே பிள்ளை. அப்பாவைப் போல உயரம், அம்மாவைப் போலப் பேச்சு குறைவு. லத்தீன் படிக்கிறாள். எங்கள் பள்ளியில் லத்தீன் கிடையாது. எங்கேயோ இருக்கும் ஒரு வாத்தியாரிடம் கம்ப்யூட்டர் வழியாகக் கற்றுக்கொண்டாள். பேசுகிறவன் யாருமே இல்லாத பாஷையைப் படித்து யாரோடு பேசப்போகிறாய் என்று வெர்ன் கேட்பான். உங்களோடு பேசுவதற்கு அது பரவாயில்லை என்பாள். அப்படி ஒரு பெண்.

சாப்பிட்டு முடித்ததும் அவள் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து தட்டுகளை நகர்த்திவிட்டு அப்பாவின் முன்னால் வைத்தாள்.

"அப்பா, இதுல உங்க பேர அடிக்கணும்."

"என்ன இது? நார்த் ஷோரா?"

"இல்ல. அது முடிஞ்சுது. இது ஆஷ்கிராஃப்ட். கெழக்க, வெர்மான்ட்ல இருக்கு."

வெர்ன் என்னைப் பார்த்தான். எனக்கு என்ன தெரியும்? நான்தான் கேட்டேன், ஒன்று கிடைத்த பிறகு இன்னொன்று எதற்கு என்று. அவள் பொறுமையாகச் சொன்னாள்.

"நார்த் ஷோர்ல ரோலிங் மாமா. கடைசித் தேதின்னு ஒண்ணு கெடையாது. யாரு எப்பப் போட்டாலும் வர வரப் படிச்சு, வர வரப் பதில் சொல்லிடுவாங்க. சீக்கிரம் போட்டா இடம் நெறைய இருக்கும். இது வேற மாதிரி. எர்லி. ஒரே ஒரு காலேஜுக்குத்தான் போடலாம். நவம்பர் ஒண்ணுக்குள்ள போடணும். டிசம்பர்ல சொல்லிடுவாங்க. இடம் குடுத்துட்டா கட்டாயம் அங்கதான் போகணும், மத்ததெல்லாம் வாபஸ் வாங்கிடணும். நானும் அப்பாவும் எங்க ஸ்கூல் ஆலோசகர் சாண்டினி டீச்சரும் மூணு பேரும் ஒத்துக்கணும்."

"நிச்சயதார்த்தம் மாதிரின்னு சொல்லு" என்றேன்.

"அதவிட மோசம். மாப்பிள்ளை சரின்னு சொல்றதுக்கு முன்னாடியே பொண்ணு மோதிரத்தப் போட்டுக்கிட்டு நிக்கணும்."

"ரெண்டையும் சேர்த்துப் போட விடுவாங்களா?"

"விடுவாங்க. சாண்டினி டீச்சரே அப்படித்தான் போடச் சொன்னாங்க. கையில ஒண்ணு இருந்தா இன்னொண்ணப் பயமில்லாமக் கேக்கலாமாம்."

டோரீன் கையைத் துடைத்துக்கொண்டே, "அங்கல்லாம் நம்மால கட்ட முடியுமா?" என்றாள்.

"அவங்க உதவி குடுப்பாங்கம்மா. அது போதலன்னு வீட்டுல சொன்னா மட்டும் விட்டுடுவாங்க. விலகறதுக்கு அது ஒண்ணுதான் வழி."

வெர்ன் சிரித்தான். அன்றைக்கு அவன் எதற்கும் சிரிக்கத் தயாராக இருந்தான். லத்தீன் படிக்க வெர்மான்ட் எதற்கு, செத்த பாஷைதான் வேண்டுமென்றால் எங்கள் பள்ளத்தாக்கில் தாத்தாக்கள் பேசிய பாஷையெல்லாம் போன நூற்றாண்டிலேயே செத்துவிட்டதே என்றான். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரே விரலால், எழுத்து எழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தட்டினான். தட்டி முடித்து நிமிரும்போது என்னைப் பார்த்துக் கண்ணடித்தான். பிரிட்டா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணடிப்புக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போதே விளங்கியது. ரோட்டில் பனி தள்ளுகிறவன் பெண்ணை அந்த ஊர்க்காரர்கள் எங்கே கூப்பிடப்போகிறார்கள், பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்கிறது, போட்டுவிட்டுப் போவோம் என்பதுதான். நானும் அப்படித்தான் நினைத்தேன். பேஸ்டி இன்னொன்று எடுத்துக்கொண்டேன்.

நவம்பர் பதினைந்து எங்களுக்கு மற்றெல்லாப் பண்டிகைக்கும் மேலான நாள். மான் வேட்டை தொடங்குகிற நாள் அது. பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை விட்டுவிடுவார்கள். விடாவிட்டாலும் வாத்தியார்கள்கூட வரமாட்டார்கள். வெர்னும் பிரிட்டாவும் நானும் காட்டுக்குடிலுக்கு அந்த பிக்கப்பில்தான் போனோம். முதல் பனி விழுந்திருந்தது. பின் கண்ணாடி முழுக்க உறைபனி. வெர்ன் இறங்கி, சுரண்டியை எடுத்து, நீர்நாயைச் சுற்றிச் சுற்றி, அதன் மீசையில்கூடப் படாமல் பனியைச் சுரண்டினான். சிரைக்கிறவன்கூட அவ்வளவு பயந்து கத்தியைப் பிடிக்கமாட்டான். வண்டி கிளம்பிச் சிறிது தூரம் போவதற்குள் கண்ணாடி மறுபடியும் வெளுத்துவிட்டது.

"பின் கண்ணாடி ஹீட்டரப் போடேண்டா" என்றேன்.

"போட மாட்டேன். சூட்டுல பசை விட்டுடும். கடைக்காரன் சொன்னான்."

"பின்னால வர்றது தெரிய வேணாமா?"

"நம்ம ரோட்டுல என்ன பெரிசா வரப்போகுது? பனி தள்ளற நம்மளத் தவிர யாரு வர்றா?"

குடிலுக்குப் பக்கத்தில் பின்பக்கமாக எடுக்கும்போது மரத்தில் ஒரு இடி இடித்தான். பிரிட்டா நடுவில் உட்கார்ந்திருந்தாள். அப்பா பம்பரைப் பார்க்க இறங்கியபோது அவள் திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தாள். உள்ளேயிருந்து பார்த்தால் எழுத்து எல்லாம் இடவலம் மாறியிருக்கும். நீர்நாய் மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நீர்நாய்தான். அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு அப்போதே உறுத்தியது, ஆனால் துப்பாக்கியை இறக்கும் அவசரத்தில் மறந்துபோனேன்.

மதியம் வெர்ன் காட்டுக்குள்ளே இருந்தான். நானும் அவளும் அடுப்புக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவள் கையில் லத்தீன் புத்தகம் திறந்தபடி இருந்தது, பக்கம் திருப்பவேயில்லை.

"உண்மையச் சொல்லு, எது கெடைக்கணும்னு ஆசை?" என்று கேட்டேன்.

"ஆஷ்கிராஃப்ட்." யோசிக்காமல் சொன்னாள். பிறகு, "அது கெடைக்கலன்னா அப்பா எவ்ளோ சந்தோஷப்படுவாருன்னு நெனச்சா, கெடைக்காட்டியும் பரவால்லன்னு தோணும். கொஞ்ச நேரத்துக்குத் தோணும்" என்றாள்.

நான் அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டேன். பிள்ளை பெறாதவனிடம் இந்த மாதிரி விஷயங்களைச் சொல்வது சுலபம் என்று பிள்ளைகளுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

டிசம்பர் நடுவில், சனி ஞாயிறு பெய்த பனியைத் தள்ளிக்கொண்டு நாங்கள் ஏரிக்கரைச் சாலையில் போய்க்கொண்டிருந்தபோது டோரீன் போன் செய்தாள். பகல்தான், ஆனால் வெளியே எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அவள் குரல் எனக்குக் கேட்கவில்லை. வெர்ன் முகத்தைத்தான் பார்த்தேன். "ம்" என்றான். "எப்ப?" என்றான். "சரி சரி, நல்லது. அவகிட்டச் சொல்லு, அப்பாவுக்கு ரொம்பச் சந்தோஷம்னு." போனை வைத்தான். அதற்கப்புறம் லாரி கொஞ்சம் கொஞ்சமாக வலப்பக்கம் ஒதுங்கியது. நான் கத்தினேன். ஹெல்மி கிழவி வீட்டு ரோட்டோரத் தபால்பெட்டி லாரியின் முன் பலகையில் பட்டுக் கம்பத்தோடு சாய்ந்து பனிக்குள் போனது. இத்தனை வருஷத்தில் அவன் தபால்பெட்டி ஒன்றைச் சாய்த்தது அதுதான் முதல் தடவை. கொட்டகையில் மற்றவர்கள் சாய்த்தால் சுவரிலுள்ள கரும்பலகையில் பெயர் எழுதி வைத்துச் சிரிப்பவன் அவன்.

இறங்கிப்போய்ப் பெட்டியைத் தோண்டி எடுத்தான். நசுங்கியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றான். நானும் இறங்கினேன்.

"கூப்பிட்டுட்டானுங்கடா" என்றான்.

"நல்ல விஷயந்தானே."

"நல்ல விஷயந்தான்."

லாரிக்குள் வந்து உட்கார்ந்த பிறகும் அவன் கிளப்பவில்லை. நசுங்கின பெட்டி மடியில் இருந்தது. வெர்மான்ட் எத்தனை மைல் தெரியுமா என்று கேட்டான். தெரியாது என்றேன். அவனுக்குத் தெரிந்திருந்தது, ஆனால் சொல்லவில்லை. விடுமுறைக்கு வந்தால்கூட நடுவில் இரண்டு விமானம் மாற வேண்டும் என்றான். ஒருவேளை நார்த் ஷோராக இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அழுக்குத் துணியோடு வந்திருப்பாள், சௌனா நீராவி அறையில் உட்கார்ந்துவிட்டு, சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பாள் என்றான். அந்த அழுக்குத் துணி மூட்டையை அவன் அக்டோபரிலிருந்தே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் அதே சாலையில், "காசு போதலன்னு சொல்லிட்டா விட்டுடுவாங்களாம்" என்றான்.

"போதலயா?"

"டோரீன் பாத்துட்டா. நல்லாத்தான் குடுத்திருக்கான். கட்டலாம்."

"அப்புறம்?"

"சாண்டினி டீச்சர் கூப்பிட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள வீட்டுலேருந்து சரின்னோ இல்லன்னோ சொல்லணுமாம். போதலன்னு நான் ஒரு வார்த்த சொன்னா, யாரு வந்து என் சட்டப்பையத் துழாவப்போறா?"

எனக்கு அவன்மேல் கோபம் வந்தது. அவனை நன்றாகப் புரிந்ததால் வந்த கோபம் அது. என் இடத்தில் வேறு யாராவது இருந்திருந்தால் புத்தி சொல்லியிருப்பார்கள். நான் பலகையை இறக்கினேன். இரும்பு ரோட்டில் உரசுகிற சத்தத்தில் பேச முடியாது. அதற்காகத்தான் இறக்கினேன். அந்த இடத்தில் தள்ளுவதற்குப் பனியே இல்லை.

"டோரீன் என்ன சொல்றா?" என்று அப்புறம் கேட்டேன்.

"பெத்தது பக்கத்துல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கறதுக்கான்னு கேக்கறா. அவளுக்கென்ன, அழுது முடிச்சுட்டு பேசறா. எனக்கு இன்னும் அழுகையே வரல."

அந்த வாரம் முழுக்க ஒன்றும் நடக்கவில்லை. பிரிட்டா நார்த் ஷோரிலிருந்து வாபஸ் வாங்க வேண்டியவள், வாங்கவில்லை. கம்ப்யூட்டரில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுதான் பாக்கி என்று டோரீன் என்னிடம் சொன்னாள். பள்ளியில் ஆலோசகராக இருக்கும் சாண்டினி டீச்சர் பிரிட்டாவை இரண்டு முறை கூப்பிட்டுக் கேட்டாராம், இப்படி இழுத்தடித்தால் நம் பள்ளியிலிருந்து அடுத்த வருஷம் போடுகிற பிள்ளையை எவன் நம்புவான் என்று. பிரிட்டா சரி டீச்சர், சரி டீச்சர் என்றிருக்கிறாள். வெர்னும் சாண்டினி டீச்சரைக் கூப்பிடவில்லை. அந்த வீட்டில் மூன்று பேரும் ஒருவருக்கொருவர் உப்பை எடுத்துக் கொடுத்துக்கொண்டு ரொம்ப மரியாதையாக இருந்தார்கள். வியாழக்கிழமை சாப்பாடு எனக்கு இறங்கவேயில்லை. ஊரில் பெட்ரோல் போடுகிற இடத்தில் ஆட்கள் ஸ்டிக்கரைப் பார்த்துவிட்டு இன்னும், "பொண்ணு நீர்நாய் ஆயிட்டாளா வெர்ன், சந்தோஷம்" என்று முதுகில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் எல்லோருக்கும் நன்றி சொன்னான்.

சனிக்கிழமை காலை ஹெல்மி கிழவிக்குப் புதுத் தபால்பெட்டி வாங்கப் போனோம். மண் உறைந்து கல்லாகிக் கிடக்கும்போது கம்பம் நட முடியாது. ஒரு வாளியில் மணலைக் கொட்டி அதில் செருகி வைத்துவிடுவோம், பனி கரைந்ததும் நட்டுக்கொள்ளலாம். பிரிட்டாவும் வந்தாள். அவளை ஏன் கூட்டி வந்தான், இல்லை அவளாக ஏன் வந்தாள் என்று எனக்குத் தெரியாது. இரும்புக் கடையில் பெட்டியும் வாளியும் மணல் மூட்டையும் வாங்கிப் பின்னால் ஏற்றினோம். மூன்று பேரும் முன்னால் ஏறினோம், அவள் நடுவில். வெர்ன் சாவியைத் திருப்பிவிட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். பின் கண்ணாடி ஒரே வெள்ளை. கடை வாசலில் வண்டிகள் நிறைய நின்றன.

"ரெய்னோ, கதவத் திறந்து பாரு. பின்னாடி ஆள் இருக்கா?"

"ஹீட்டரப் போடுங்கப்பா" என்றாள் பிரிட்டா.

"ஸ்டிக்கர் கழண்டுடும்."

"கழண்டு போகட்டும்."

நான் கதவைத் திறக்கலாமா வேண்டாமா என்று கைப்பிடியில் கை வைத்தபடி இருந்தேன். இறங்கிப் போய்விட வேண்டும் போலிருந்தது. போகவில்லை.

"நீ ஏன் இன்னும் வாபஸ் வாங்கல?" என்று வெர்ன் கேட்டான். முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டான்.

"நீங்க டீச்சர்கிட்ட என்ன சொல்லப்போறீங்கன்னு தெரியாம எப்படி வாங்கறது? நீங்க போதலன்னு சொல்லிட்டா அதுவும் இருக்காது, இதுவும் இருக்காது."

"நான் சொல்லுவேன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. சொல்லுவீங்களா?"

வெர்ன் கையுறையைக் கழற்றினான், மறுபடி மாட்டினான். அவனுக்கு எப்போதும் வாய் நிற்காது. லாரியில் எட்டு மணி நேரம் ஒரே மூச்சில் பேசுவான். இப்போது ஒவ்வொரு வார்த்தையாகத் தேடினான், அன்றைக்குத் தன் பெயரைத் தட்டியது போல.

"அன்னிக்கு அதுல நான் பேரு போட்டேன்ல... உனக்குக் கெடைக்காதுன்னு நெனச்சுதான் போட்டேன்."

சொல்லிவிட்டான். எனக்கு மூச்சு வந்தது. அவளுக்கு வலிக்கும் என்று நினைத்து அவள் பக்கம் பார்க்காமல் இருந்தேன். அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"நீங்க அப்படித்தான் நெனப்பீங்கன்னு தெரியும். இல்லன்னா போட்டிருக்க மாட்டீங்க. அதுக்குத்தான் நார்த் ஷோருக்குப் போட்டேன்."

"எதுக்கு?"

"அது சீக்கிரம் பதில் சொல்லும்ல. நவம்பருக்கு முன்னாடியே சொல்லிடும். சாண்டினி டீச்சர் சொன்னது வேற. கையில ஒண்ணு இருந்தா எனக்கு தைரியம் வரும்னு சொன்னாங்க. எனக்கு அது வேணாம். உங்க கையில ஒண்ணு இருக்கணும்னு நெனச்சேன். அது வந்ததும் நீங்க சந்தோஷமா இருப்பீங்க. அப்ப கம்ப்யூட்டரக் கொண்டுவந்து வச்சா எதையும் யோசிக்க மாட்டீங்கன்னு தெரியும். மொதல்லயே அப்படித்தான் முடிவு பண்ணி வச்சிருந்தேன். நார்த் ஷோருக்குப் போகணும்னு நான் எப்பவுமே நெனக்கலப்பா."

கடையிலிருந்து ஒருவன் ஏணியைத் தூக்கிக்கொண்டு எங்கள் முன்னால் குறுக்கே போனான். போகும்போது வெர்னைப் பார்த்துத் தலையசைத்தான். வெர்னும் தலையசைத்தான். பழக்கம். அந்த ஆள் தன் வண்டியில் ஏணியை ஏற்றிக் கட்டி முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அந்தப் பெண்மேல் அந்த நேரத்தில் கொஞ்சம் பயம்கூட வந்தது. என்னோடு மேஜையில் உட்கார்ந்து ரோலிங், எர்லி என்று பாடம் எடுத்தவள், அதைக் கொண்டே அப்பனை அளந்து வைத்திருக்கிறாள். அவளை அவ்வளவு சரியாக அளக்க வைத்தவன் இவன்தான் என்பதும் தோன்றியது. ஒரு பிள்ளை நேராகக் கேட்டிருந்தால் இவன் சரி என்றிருப்பானா? நேராகக் கேட்க அவளுக்கு இவன் இடம் கொடுத்தானா? இரண்டு பேர்மேலும் எனக்குப் பிரியம்தான், அதனால் நான் கேட்கவும் இல்லை.

"நான் ஓடிப்போய் ஒரு நீர்நாய வாங்கி ஒட்டுவேன்னு தெரியுமா?" என்று வெர்ன் கேட்டான்.

அவள் திரும்பிப் பின் கண்ணாடியைப் பார்த்தாள்.

"அது தெரியாதுப்பா." குரல் உடைந்தது. "அது எனக்குத் தெரியாது."

என் முழங்காலைத் தாண்டிக் கையை நீட்டி அவளே கதவைத் திறந்தாள். நான் காலை மடக்கிக்கொண்டேன். என் மேலேயே ஏறி இறங்கி, வண்டியைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள். பின்பக்கத் தொட்டியில் ஏறும் சத்தம் கேட்டது. மணல் மூட்டையை நகர்த்தினாள். பிறகு சுரண்டும் சத்தம். வெர்ன் நீர்நாயின் மீசைக்குக்கூட வலிக்காமல் பயன்படுத்துவானே, அதே சுரண்டி.

உள்ளிருந்து பார்க்க, கண்ணாடியில் முதலில் பனி உதிர்ந்து அவள் கோட்டின் சிவப்பு தெரிந்தது. அப்புறம் மஞ்சளின் ஓரத்தில் கை வைத்தாள். குளிரில் பசை இறுகிப்போயிருந்தது. சுரண்டி வழுக்கியது. எழுத்தின் ஒரு மூலையில் நகம் அளவுக்குப் பெயர்ந்து வந்தது, அவ்வளவுதான். அவள் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு விரல் நகத்தால் கீற ஆரம்பித்தாள். அந்தக் குளிரில் வெறுங்கை. நான் வெர்னைப் பார்த்தேன். அவன் இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டு உள் கண்ணாடியில் அவளைப் பார்த்தபடி இருந்தான். கன்னம் நனைந்திருந்தது. துடைக்கவில்லை. வேண்டாம் விடு, மே மாசம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்வான் என்று எதிர்பார்த்தேன். திங்கட்கிழமை டீச்சரிடம் என்ன சொல்லப்போகிறான் என்பதை அவன் முகத்திலிருந்து என்னால் படிக்க முடியவில்லை. எட்டு மணி நேரம் பேசுகிறவனை எனக்குத் தெரியும், இந்த வெர்னை நான் பார்த்ததே இல்லை.

வெளியே அவள் விரலை வாயில் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டு மறுபடியும் கீறினாள்.

வெர்ன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தான். ரேடியோவுக்குக் கீழே, அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் தொடாத பொத்தான் ஒன்று இருந்தது. அதை அழுத்தினான். சின்னதாக ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. கையைத் திரும்ப ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு கண்ணாடிக்குள் ஓடும் கம்பிகளின் வரிசையில் பனி கோடு கோடாகக் கரைந்தது. அவளுக்கும் அது விரலில் தெரிந்திருக்க வேண்டும். சுரண்டுவதை நிறுத்தினாள். குனிந்து உள்ளே பார்த்தாள். எங்கள் முகம் தெரிந்ததா இல்லையா என்று தெரியாது. உள்ளங்கையை விரித்துக் கண்ணாடியின்மேல் வைத்து, சூடு ஏறட்டும் என்று அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கைக்குப் பக்கத்தில், ஈரமான கண்ணாடியில், நீர்நாயின் வால் மெதுவாகத் தளர்ந்து சுருள ஆரம்பித்தது.